ஏறுகிற கோடு நல்ல கோடா?

ஒரே ஒரு கோட்டைப் பார்த்து எங்கள் குடும்பமே குழம்பிப் போன கதை இது.

போன மாதம் என் மனைவிக்குப் பித்தப்பையில் கல். ஆபரேஷன் செய்தே ஆக வேண்டும் என்றார்கள். எந்த ஆஸ்பத்திரியில்? டேட்டா வேலை பார்க்கும் மகள், இணையத்தில் எல்லாரும் பார்க்கும்படி போட்டிருக்கும் ஆஸ்பத்திரிக் கணக்குகளைத் திரட்டி, லேப்டாப்பில் கிராஃப் போட்டுவிட்டாள். இரண்டு ஆஸ்பத்திரி, இரண்டு கோடு. வருஷத்துக்கு வருஷம் சிவப்பு ஏறிக்கொண்டே போகிறது. நீலம் தரையோடு தரையாகப் படுத்திருக்கிறது.

செல்லூரிலிருந்து வந்திருந்த மச்சான் - மனைவியின் அண்ணன், நூல் வியாபாரி - பார்த்ததுமே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"செவப்புதான் மாப்ள! எம்புட்டு ஏறுது பாருங்க."

நூல் விலை ஏறினால் சந்தோஷப்படுகிற மனுஷன், வேறென்ன சொல்வார்?

"மாமா, அது ஆபரேஷன் பண்ணுன எடத்துல சீழ் வச்சவங்க கணக்கு" என்றாள் மகள்.

"ஆத்தாடி... அப்ப நீலத்துக்கே போவோம்!"

எதற்கும் நேரில் கேட்டுவிடுவோம் என்று இரண்டு இடத்துக்கும் போனோம். நீலத்தில், "அப்படி யாரும் வந்து சொன்னதே இல்ல சார்" என்று சிரித்தார்கள். சிவப்பில் ஒரு டாக்டரம்மா, "வீட்டுக்குப் போனவங்களுக்கும் போன் போட்டுக் கேக்க ஆரம்பிச்சோம். அதுலருந்துதான் ஏறுது" என்றார்.

போச்சுடா! கூடியது சீழா, கணக்கா?

"ரெண்டும் இருக்கலாம்ப்பா. இத வச்சுச் சொல்ல முடியாது" என்று மகள் லேப்டாப்பை மூடினாள். இதைச் சொல்லவா இத்தனை கலர்? எனக்குக் கோபம் வந்தது. பயந்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

மனைவிதான் முடித்து வைத்தாள். "வயிறு என்னோடது. கேக்குறவங்ககிட்டயே போறேன்."

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து வில்லாபுரம் வீட்டுக்கு வந்துவிட்டோம். அடுத்த வாரம் சிவப்பு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. "காயம் எப்படிம்மா இருக்கு?"

"நல்லாயிருக்கேம்மா" என்றாள் மனைவி. யார் போனில் கேட்டாலும் நாம் அப்படித்தானே சொல்வோம்? சீழோடு இருந்துகொண்டே இப்படி எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள்... அப்படியானால் சிவப்பும் பொய்யா? வாய்விட்டே கேட்டுவிட்டேன்.

மனைவி என்னைப் பார்த்தாள். பிறகு போனில் மெதுவாகச் சொன்னாள்.

"இல்லம்மா... நேத்துலருந்து லேசா வடியுது. எழுதிக்கங்க."

உடனே வரச் சொன்னார்கள். மருந்து கொடுத்தார்கள். காயம் ஆறிவிட்டது.

சிவப்புக் கோடு இந்த வருஷமும் கொஞ்சம் ஏறும். ஏற்றிவிட்டது என் மனைவி!