டாக்டர் சுலோசனாவும் முகப்பருக்காரர்களும்

"டாக்டரம்மா பூட்டாங்கம்மா" என்று சித்தூரிலிருந்து கம்பவுண்டர் முனிரத்தினம் போனில் சொன்னபோது, "எந்த டாக்டரம்மா?" என்று கேட்டேன். என் நாத்தனார் சுலோசனா இறக்கக்கூடியவள் என்றே எனக்குத் தோன்றியதில்லை. முந்தின வாரம்தான் என் சாம்பாரில் உப்பு அதிகம் என்று குறை சொல்லிவிட்டுத் திருப்பதியில் பஸ் ஏறினாள். உப்பு சரியாகத்தான் இருந்தது.

அவளிடம் வைத்தியம் பார்த்துக்கொண்ட உங்களில் பலருக்கு அந்த அறைக் கதவில் தொங்கிய அட்டை நினைவிருக்கும்: "அம்மாக்கள் வெளியே உட்காரவும்." தோல் டாக்டருக்கு இதென்ன விதி என்று சண்டைக்கு வந்த அம்மாக்களும் உண்டு. நகரியிலிருந்து வந்த ஒருத்தி, விதியை மீறி உள்ளே நுழைந்து, மகளின் தாடையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிக் காட்டினாள். "இந்த மூஞ்சியோட இவள எவன் கட்டுவான் டாக்டரம்மா?"

"பரு யாருக்கும்மா, உனக்கா அவளுக்கா?"

"அவளுக்குத்தான்."

"அப்போ நீ ஏன் பேசிக்கினு கீறே? போய் ஃபேன் கீழ ஒக்காரு."

டாக்டருக்குப் படித்தவள் பேசும் தமிழா இது என்று, அன்று அவளைப் பார்க்கப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் முகம் சுளித்தேன். கான்வென்டில் எங்களை வேறு மாதிரி வளர்த்தார்கள்.

என் மகன் முரளி அப்போது இன்ஜினியரிங் கடைசி வருஷம். தெருவுக்கு நாலு பிள்ளைகள் அமெரிக்காவுக்குப் போய்க்கொண்டிருந்த காலம். கம்ப்யூட்டர் கம்பெனிகள் கல்லூரிக்கே வந்து ஆள் எடுத்தன. இவனோ முகம் முழுக்கப் பருவோடு, முடியைப் புருவம் வரை இழுத்துவிட்டுக்கொண்டு அலைந்தான். பிறகு அலைவதையும் நிறுத்தினான். கல்லூரிக்குப் போகவில்லை. தட்டை அறைக்குள் எடுத்துப் போய்ச் சாப்பிட்டான். குளியலறைக் கண்ணாடியைச் சுவர்ப்பக்கம் திருப்பி மாட்டினான். சோம்பல் என்றேன் நான். காதல் என்றார் என் கணவர்.

மலையடிவாரத்தில் குடியிருப்பவர்களுக்கு எல்லா நோய்க்கும் ஒரே வைத்தியம்தான். பரு போனால் மொட்டை என்று என் கணவர் வேண்டிக்கொண்டார். வேண்டுதலை முதலிலேயே செலுத்திவிட்டால் பலன் சீக்கிரம் வரும் என்றும் அவரே முடிவு செய்தார். மொட்டை முரளிக்கு, வேண்டிக்கொண்டவருக்கு முடி ஏற்கெனவே கிடையாது. பையன் தலையைக் கொடுத்தான். சந்தனம் பூசிய தலையோடு மலையிலிருந்து இறங்கி வந்தவனை எதிர்வீட்டு ஜெயம்மா வாசலிலேயே மறித்தாள்.

"அடடா, நெத்தியிலயும் இருக்குதாப்பா? இத்தினி நாளா தெரியவே இல்லியே!"

முரளி அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டான். மறுநாளும் திறக்கவில்லை. அவனுக்கு மறைவாக இருந்த ஒரே திரையையும் நாங்களே சுவாமிக்குக் கொடுத்துவிட்டிருந்தோம்.

நான் போன் செய்ததும் சுலோசனா முதல் பஸ்ஸில் வந்தாள். "பெருமாள் கேட்டாரா அண்ணா? நீயா குடுத்துட்டு வந்துகீறே!" என்று என் கணவரை ஒரு பிடி பிடித்துவிட்டு, அறைக் கதவுக்கு வெளியே தரையில் சப்பணமிட்டாள்.

"டேய் மொட்டை, அத்தை வந்துகீறேன். முட்டி வலியோட கீழ ஒக்காந்துட்டேன். நீ வந்து தூக்கிவிட்டாத்தான் எழுந்திருப்பேன்."

கதவு திறந்தது. அவள் எழுந்திருக்கவில்லை, அவனைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்தாள். அரிக்கிறதா, வலிக்கிறதா, சீழ் வருகிறதா என்று வரிசையாகக் கேட்டவள், அதே குரலில் கேட்டாள்: "செத்துப்போகலாம்னு தோணுதா?"

என் கணவர் காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"சில நாள் தோணும் அத்தை."

"சரி. அதுக்கும் மருந்து உண்டு. டாக்டர்தான் வேற."

அந்த டாக்டரிடமும் அவளே அழைத்துப் போனாள். மனநல மருத்துவர் என்ற போர்டைப் பார்த்ததும் நான் முந்தானையால் பாதி முகத்தை மூடிக்கொண்டேன். உள்ளே எங்களுக்கு எதிரில் ஜெயம்மா உட்கார்ந்திருந்தாள். "ஒரு சொந்தக்காரங்களுக்காக வந்தேன்" என்றாள். "நாங்களும்தான்" என்றேன். நர்ஸ் வெளியே வந்து, "ஜெயம்மா யாரு?" என்று கூப்பிட்டாள். "போம்மா, சொந்தக்காரங்க காத்துக்கினு இருப்பாங்க" என்றாள் சுலோசனா. முரளி சிரித்தான். அந்தச் சத்தத்தை வீட்டில் கேட்டு மாதங்கள் ஆகியிருந்தன.

எனக்கும் ஒரு மருந்து எழுதினாள். "அண்ணி, அவன் மூஞ்சியப் பத்தி ஒரு வார்த்தை கூடாது. நல்லாகுதுன்னும் சொல்லக்கூடாது." அவ்வளவு கசப்பான மருந்தை நான் சாப்பிட்டதில்லை.

இன்டர்வியூ நாளில் பரு பாதிதான் ஆறியிருந்தது. சட்டைக் காலர் கோணலாக இருந்தது. அதைச் சொல்ல எனக்குத் தடையில்லை, சொன்னேன். முதல் கம்பெனி அவனை எடுக்கவில்லை. அன்று இரவு கூடத்தில் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டான். பிறகு வேறொரு கம்பெனி எடுத்தது. சுலோசனாவுக்கு இரண்டாவது செய்தி பெரிதாகப் படவில்லை. "வேலை கெடைக்காத அன்னிக்குத் தட்டெடுத்துக்கினு வெளிய வந்தான் பாருங்க அண்ணி, அதான் எனக்கு ஃபீஸ்."

அவளிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது, செத்துப்போகலாம்னு தோணுதா என்ற அந்தக் கேள்வியைத்தான். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்பதற்கு அடுத்து, குரல் மாறாமல் கேட்க வேண்டும். எனக்கு இன்னும் சரியாக வரவில்லை. நேற்று முரளி அமெரிக்காவிலிருந்து போனில் அத்தைக்காக அழுதபோது கேட்டேன்.

"இல்லம்மா," என்றான். "அழுகைதான் வருது."

சரி என்றேன். அவன் அழுது முடிக்கும்வரை போனைக் கீழே வைக்கவில்லை.