பின்பக்க அறைக்கு வந்த மாப்பிள்ளை

அந்த வீட்டில் பொத்தான் அறுந்த சட்டை ஒன்றுகூடக் கிடையாது. அதற்குக் காரணம் அண்ணியின் பொறுப்புணர்ச்சி என்று யாராவது நினைத்தால் அது தப்பு. காரணம், ஸ்டுடியோவின் பின்பக்க அறையில் இருந்த பழைய கம்ப்யூட்டர்.

ஸ்டுடியோ கொழுந்தனுடையது. அவன் படம் எடுப்பான். அண்ணி அதைத் திருத்துவாள். அவன் "அண்ணி, அண்ணி" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, வருகிற வாடிக்கையாளருக்கெல்லாம் அவள் அண்ணியாகிவிட்டாள். ஒரு படத்தைத் திறக்கச் சொன்னால் திரையில் சக்கரம் சுற்றும். சுற்றிக்கொண்டே இருக்கும். அண்ணி ஊசியில் நூலைக் கோத்துப் பொத்தான் ஒன்றைத் தைத்து முடிச்சுப் போட்டு நிமிர்ந்தால், படம் பாதி வந்திருக்கும்.

அந்தக் கம்ப்யூட்டருக்கு வீட்டில் 'பெரியப்பா' என்று பெயர். எழுப்பினால் முதலில் இருமும். பிறகு மூச்சு வாங்கும். நாலு தடவை கூப்பிட்டால்தான் என்ன என்று கேட்கும். அண்ணியின் வீட்டுக்காரர் பேருந்து ஓட்டுகிறவர், வேலைக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்து, "பெரியப்பா எழுந்தாச்சா, இல்ல இன்னும் புரண்டு படுக்கிறாரா?" என்று கேட்காத நாளில்லை.

பெரியப்பாவோடு மல்லுக்கட்டிக் கட்டி அண்ணியின் கைக்கு ஒரு பழக்கம் வந்திருந்தது. படத்தில் ஒரு கீறலை அழிக்க வேண்டுமென்றால் கை முன்னே போய்விடும். திரை பின்னால் மெல்ல நடந்து வரும். வரும்போது கோட்டின் கடைசித் துண்டை விழுங்கிவிட்டு வரும். அதனால் அண்ணி எப்போதும் ஒரு நூல் அளவு கூடுதலாகவே இழுப்பாள். திரையைப் பார்க்காமல், மனசுக்குள் தெரிகிற படத்தைப் பார்த்துத்தான் வேலை.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டியில் கொழுந்தன் ஒரு புதுக் கேமராவைக் கொண்டுவந்து ஏற்றினான். பிறந்த குழந்தையைத் தூக்கி வருவதுபோல் இரண்டு கைகளிலும் ஏந்தி வந்தான். முதல் வேலை ஒரு கம்பளத் தொழிற்சாலைக்கு. புது ரகக் கம்பளத்தின் படம் கேமராவின் சின்னத் திரையில் பெரிதாக விரிந்தபோது இரண்டு பேரும் தலையோடு தலை இடிக்கக் குனிந்தார்கள்.

"அண்ணி, இங்க பாருங்க. நூல்! ஒவ்வொரு நூலும் தனித்தனியா எண்ணலாம்!"

"அட, முறுக்குகூடத் தெரியுதேடா தம்பி!"

அந்தச் சந்தோஷம், படம் பெரியப்பாவிடம் போய்ச் சேரும் வரைக்கும்தான். புதுக் கேமராவின் ஒரு படம், பழைய கேமராவின் பத்துப் படங்களின் கனம். சக்கரம் சுற்றியது. அண்ணி ஒரு சட்டையை முடித்து இன்னொன்றை எடுத்தாள். பெட்டிக்குள்ளிருந்து சூட்டு வாடை வந்தது. கடைசியில் திரை வெள்ளையாகி அப்படியே நின்றுவிட்டது. திரும்பத் திரும்ப முயன்றும் அதே கதை.

கொழுந்தன் தலையைச் சொறிந்துகொண்டு வந்து கதவோரம் நின்றான். அவன் அப்படி நின்றாலே ஏதோ கசப்பு வருகிறது என்று அர்த்தம்.

"அண்ணி, கம்பளம் மேடம் வெள்ளிக்கிழமை வராங்க. பக்கத்துல உட்கார்ந்து திருத்தத்தைப் பார்க்கணுமாம். சரியா வந்தா அவங்க கேட்லாக் மொத்தமும் நமக்குத்தான். அதான்... திருத்துற வேலையை மட்டும் வெளியில ஒரு கம்பெனிக்குக் கொடுத்துடலாமான்னு..."

"அப்ப நான்?"

"முன்னாடி கவுன்டர்ல ஆள் இல்லையே. கொஞ்ச நாளைக்கு நீங்க போன் எடுத்தா..."

"கொஞ்ச நாளைக்குன்னு சொல்லித்தான் என்னை இந்த ரூமுக்கே கூட்டிட்டு வந்த. அப்ப உனக்கு மீசைகூட முளைக்கல."

அவன் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கலரில் எதுவும் கலக்கக் கூடாது என்று சுவர் நாலுக்கும் அவளே சாம்பல் வண்ணம் அடித்த அறை அது. பார்க்கிறவர்களுக்கு மழை நாள் மாதிரி இருக்கும். அவளுக்கு அதுதான் உலகத்திலேயே வெளிச்சமான இடம். அதை விட்டுவிட்டுக் கண்ணாடி மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து "இருங்க, அவரைக் கூப்பிடறேன்" என்று நாள் முழுக்கச் சொல்வதாவது!

"வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் கொடு. நான் ஒரு மெஷின் கட்டித் தரேன்" என்றாள்.

"நீங்களா?"

"பின்ன? பக்கத்து வீட்டுப் பூனையா?"

சக்கரம் சுற்றிய இத்தனை வருஷமும் அண்ணி பொத்தான் மட்டுமா தைத்தாள்? ஒரு கண்ணால் போனில் கம்ப்யூட்டர் பாகங்களைப் பற்றி ஒன்று விடாமல் படித்திருந்தாள். எந்த பிராசஸர், எவ்வளவு ராம், எந்த டிஸ்க் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். நகைக்கடை ஜன்னலில் நின்று பார்க்கிற மாதிரிதான் அது. வாங்குவோம் என்று நினைத்ததேயில்லை. இப்போது கால் தரையில் பாவாமல் கடைக்குப் போனாள்.

பாகங்கள் விற்கும் கடைக்காரர் வாயாடி. "கேமுக்குத்தானே மேடம்? பையனுக்கு இது ரொம்பப் பிடிக்கும். பாருங்க, ஃபேன்ல ஏழு கலர் லைட்டு, ராம்லயும் லைட்டு..."

"லைட் எரிஞ்சா என் படத்துல கலர் கெட்டுப் போயிடும். லைட் இல்லாத ராம் இருக்கா? இதைவிட நாலு மடங்கு வேணும்."

"நாலு மடங்கா? அப்படி என்ன மேடம் படம், யானைப் படமா?"

"கம்பளம்."

கடைக்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு உள்ளே போய் அட்டைப்பெட்டிகளை அடுக்க ஆரம்பித்தார். அண்ணி ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்தாள். படத்தை வைத்துத் திருத்துவதற்கு ஒரு எஸ்.எஸ்.டி டிஸ்க், கம்ப்யூட்டர் நடுவில் கணக்குப் போட்டுக் கிறுக்கிக்கொள்ளத் தனியாக இன்னொன்று. சூயிங்கம் துண்டு அளவுதான் இருந்தன இரண்டும். திரையில் படம் வரைகிற கிராபிக்ஸ் கார்டோ செங்கல் கனம். அதை மட்டும் பையில் போட விடாமல் மடியில் வைத்துக்கொண்டே பேருந்தில் வந்தாள்.

வியாழக்கிழமை மத்தியானம் பின்பக்க அறை மேசை அறுவை சிகிச்சைக் கூடமாகிவிட்டது. கொழுந்தன் கையேட்டை வாசித்தான். அன்றைக்கு லீவு போட்டிருந்த வீட்டுக்காரர் டார்ச் பிடித்தார். உடம்பிலிருக்கும் மின்சாரம் பாய்ந்து ஏதாவது எரிந்துவிடுமோ என்ற பயத்தில் அண்ணி ஒவ்வொரு பாகத்தைத் தொடுவதற்கு முன்னும் ஜன்னல் கம்பியைத் தொட்டுவிட்டு வந்தாள்.

"என்ன இது, கும்பிடுற மாதிரி ஜன்னலுக்கும் மேசைக்கும் நடை?" என்றார் வீட்டுக்காரர்.

"டார்ச்சை நேராப் பிடிங்க. பேச்சு வேண்டாம்."

"புது மாப்பிள்ளைக்குக்கூட இவ்வளவு மரியாதை நடக்காது. எனக்கு நடந்ததா?"

'மாப்பிள்ளை' என்ற பெயர் புது மெஷினுக்கு அங்கேயே ஒட்டிக்கொண்டது. ராம் 'டக்' என்று உட்கார்ந்தபோது அண்ணி கைதட்டினாள். கார்டைச் செருகும்போது, "அதோட பின்னாடி ஓட்டைக்கெல்லாம் பிளாஸ்டிக் மூடி போட்டிருக்கு அண்ணி" என்றான் கொழுந்தன். "தூசி போகாம இருக்க. இருக்கட்டும் விடு" என்றாள். கடைசியாகப் பெட்டியை மேசைக்கடியில் தள்ளிவிட்டு, கையைப் பின்னால் விட்டுத் திரையின் கேபிளைத் தொட்டுப் பார்த்தே செருகினாள். எத்தனையோ வருஷமாகச் செருகிப் பழகிய கை. பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

பொத்தானை அமுக்கினாள். இருமல் இல்லை. மூச்சு வாங்கல் இல்லை. ஓடுகிறதா என்று காதை வைத்துக் கேட்க வேண்டியிருந்தது. அதற்குள் திரையில் வெளிச்சம்! மூன்று பேரும் போட்ட கூச்சலில் முன்பக்கம் பாஸ்போர்ட் படத்துக்கு வந்தவர் பயந்து எட்டிப் பார்த்தார்.

மென்பொருள்களையெல்லாம் ஏற்றி முடித்து, வெள்ளிக்கிழமை காலையில்தான் கம்பளப் படத்தைத் திறந்தாள். ஊசியை எடுக்கக் கை போவதற்குள் படம் முழுதாக வந்து நின்றது.

"அம்மாடி!" என்று நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டாள். "தம்பி, ஓடி வா! பொத்தானைக்கூட எடுக்கல, வந்துடுச்சு!"

பிறகு பிரஷ்ஷை எடுத்து ஒரு கோடு இழுத்தாள். கோடு நின்றது. திக்கியது. துண்டு துண்டாக வந்தது. படத்தைப் பெரிதாக்கினால் கட்டம் கட்டமாக நொண்டியது. பெரியப்பாவே தேவலாம் போலிருந்தது.

அண்ணியின் முகத்தில் ஈயாடவில்லை. கொழுந்தன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். மேடம் மத்தியானம் வந்துவிடுவாள். அவன் கை மெதுவாகச் சட்டைப்பைக்குப் போனது.

"அந்தப் போனைக் கீழ வை" என்றாள் அண்ணி.

"இல்ல அண்ணி, அந்தக் கம்பெனிக்கு ஒரு வார்த்தை..."

"வைடான்னா."

கண்ணை மூடிக்கொண்டாள். தாமதம் என்றால் என்னவென்று அவளைவிட அறிந்தவர் யார்? பெரியப்பாவின் நோய் வேறு. அவரால் படத்தைத் திறக்கவே முடியாது. அது டிஸ்க்கின் நோய், ராமின் நோய். இங்கே படம் கண்ணிமைப்பதற்குள் திறந்துவிட்டது. அப்படியென்றால் அவை இரண்டும் சுகம். திரையில் வரைவதுதான் திக்குகிறது. வரைகிற வேலை கிராபிக்ஸ் கார்டுடையது. செங்கல் கனத்துக்கு ஒன்றை மடியில் வைத்துக் கொண்டுவந்தோமே, அது என்ன செய்துகொண்டிருக்கிறது?

மேசைக்கடியில் தவழ்ந்து போய்ப் பெட்டியின் பின்பக்கம் டார்ச் அடித்தாள். கார்டின் ஓட்டைகளில் பிளாஸ்டிக் மூடிகள் அப்படியே இருந்தன. திரையின் கேபிள் அதற்கு மேலே, மதர்போர்டிலேயே இருக்கிற ஓட்டையில் செருகியிருந்தது. பெரியப்பாவுக்குக் கார்டே கிடையாது. அவருக்கு எப்போதும் மேலேதான். பழக்கப்பட்ட கை போய் மேலேயே செருகிவிட்டது.

மேசைக்கடியிலிருந்து சிரிப்பு கேட்டது. கொழுந்தன் பதறிக் குனிந்தான்.

"என்னாச்சு அண்ணி? ஷாக் அடிச்சிடுச்சா?"

"ஒண்ணும் இல்லடா. மாப்பிள்ளையை அழைச்சுட்டு வந்து, வாயைக் கட்டி வாசல்லயே நிக்க வச்சிருக்கேன். நானேதான்."

ஒரு மூடியைப் பிடுங்கினாள். கேபிளை இறக்கிச் செருகினாள். தலையில் இடித்துக்கொண்டே வெளியே வந்து, வலியைத் தடவக்கூட நேரமில்லாமல் பிரஷ்ஷைப் பிடித்தாள்.

கோடு அவள் கையிலிருந்து தண்ணீர் மாதிரி ஓடியது. ஓடி, நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டி, கம்பளத்தின் ஓரத்திலிருந்த இலை ஒன்றையும் துடைத்துவிட்டது. இரண்டாவது தடவையும் அதே. ஒரு நூல் அளவு கூடுதலாக இழுத்தே பழகிய கை! விழுங்குவதற்கு இப்போது ஆளில்லை. அண்ணி பழையபடிக்கு மாற்றினாள், இழுத்தாள், மாற்றினாள், இழுத்தாள். கொஞ்சம் கொஞ்சமாகக் கை திரையை நம்பத் தொடங்கியது. மனசுக்குள் தெரிந்த படமும் வெளியே தெரிந்த படமும் ஒரே இடத்தில் வந்து நின்றபோது அவளுக்கு உடம்பு சிலிர்த்தது.

வாசல் மணி அடித்தது. கம்பளம் மேடம் வந்துவிட்டாள். கையில் சாம்பிளுக்கு ஒரு துண்டுக் கம்பளம். உட்கார்ந்ததும் திரையில் ஒரு மூலையைக் காட்டினாள்.

"இங்க ஒரு பிசிறு நீட்டிட்டு இருக்கே, இதை எடுக்கணும். நான் வெளியில போய் ஒரு காபி குடிச்சுட்டு வந்துடறேன்." கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தேவிட்டாள். எல்லா ஸ்டுடியோவிலும் அவளுக்கு அதுதான் வழக்கம்.

"எடுத்தாச்சு மேடம்."

"என்னது?"

"பிசிறு. எடுத்தாச்சு."

மேடம் திரையைப் பார்த்தாள். அண்ணியைப் பார்த்தாள். கைப்பையை மெதுவாகக் கீழே வைத்தாள். "அப்ப இந்த இடத்துல சிவப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கே?"

அண்ணி துண்டுக் கம்பளத்தை வாங்கி விளக்கடியில் பிடித்துப் பார்த்து, சிவப்பை ஒரு சிட்டிகை இறக்கினாள். மேடம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இறங்கியது. "இன்னும் கொஞ்சம். அய்யோ, அவ்வளவு வேண்டாம். ஆங்! அதேதான்! அதே கலர்!" மேடம் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை மடக்கிச் சாய்ந்துகொண்டாள். அதற்குப் பிறகு அவள் வாய் ஓயவில்லை. இந்த நிழல், அந்த மடிப்பு, ஓரத்துக் குஞ்சம். காபி ஞாபகமே வரவில்லை.

கொழுந்தன் அண்ணியின் காதருகே குனிந்து, "பெரியப்பா இருந்தப்ப வர்றவங்க ஒரு திருத்தம் கேட்டுட்டுப் போயிடுவாங்க. இனிமே தப்பிக்கவே முடியாது போலிருக்கே" என்றான்.

"பேசாம இரு. திருஷ்டி போடாத."

மேடம் திரும்பினாள். "சார், கேட்லாக் படம் மொத்தமும் இங்கதான். ஆனா ஒண்ணு, திருத்துறதை வெளியில கிளியில கொடுத்துடாதீங்க. நான் இவங்க பக்கத்துல உட்காரணும்."

கொழுந்தன் போனைக் கவிழ்த்து மேசையில் வைத்தான். அண்ணி குஞ்சத்தை நேராக்கிக்கொண்டிருந்தாள். காதில் விழாத மாதிரிதான் இருந்தாள், காது மட்டும் சிவந்திருந்தது.

அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரர் சீருடையோடு வந்து கதவில் நின்றார். வேலைக்குக் கிளம்பிவிட்டார், மேல் பொத்தானைக் காணோம்.

"இந்தா, இதைக் கொஞ்சம்..."

"நூல் டப்பா பெரியப்பா தலைமேல இருக்கு" என்றாள் அண்ணி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "நீங்களே தச்சுக்கோங்க. எனக்கு இனிமே அதுக்கெல்லாம் எங்க நேரம்?"