மூளைச் சர்க்கரைக்கு வந்த பேஷண்ட்

எண்பதுகளின் நடுவில் கோரிமேட்டில் ஓர் ஆய்வுக்கூடத்தில் பி.எச்டி. செய்துகொண்டிருந்தேன். மூளையில் நரம்பணுக்களுக்குத் துணையாக வேறு சில உயிரணுக்கள் உண்டு. அவற்றின் மேல், அணுக்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் புரதங்கள். அந்தப் புரதங்களின் மேல் சின்னச் சின்னச் சர்க்கரைச் சங்கிலிகள். அந்தச் சங்கிலியை மருந்தால் மூடிவிட்டால் ஒட்டுதல் குறைகிறதா என்பதுதான் என் கேள்வி. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து இதை அம்மாவுக்கு விளக்கினேன். மறுநாள் மூலக்குளத்தில் எங்கள் தெரு முழுக்க அம்மா சொன்னது இது: "எம் பொண்ணு மூளையில ஏறுற சக்கரைக்கு வைத்தியம் பாக்குறா."

அடுத்த வாரமே, தெருவுக்கு மீன் கொண்டுவரும் அக்கா தன் வீட்டுக்காரரை இழுத்துக்கொண்டு ஆய்வுக்கூட வாசலுக்கு வந்துவிட்டார். வீட்டுக்காரர் கையில், சோதனைக்கென்று மூடி போட்ட பாட்டில். உள்ளே என்ன என்று நான் கேட்கவில்லை.

"நேத்து சொன்னது இன்னைக்கு ஞாபகம் இல்ல இந்த ஆளுக்கு. மூளையில சக்கரை ஏறிடுச்சான்னு பாரு பாப்பா."

"நீ சொல்றத எல்லாம் ஞாபகம் வச்சிக்கிட்டா நான் பொழைக்கிறதா?" என்றார் அவர், பாட்டிலை முதுகுக்குப் பின்னால் மறைத்தபடி.

என் பேராசிரியர் எட்டிப் பார்த்தார். "டாக்டரம்மா, பேஷண்ட் வந்திருக்காங்க," என்று சொல்லிவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு நகர்ந்தார்.

நான் டாக்டர் இல்லை, பார்ப்பது எலி மூளையை என்றேன். அக்கா நம்பவில்லை. மைக்ராஸ்கோப்பில் காட்டினேன்.

"நட்சத்திர மீனாட்டம் இருக்கு. இதுல சக்கரை எங்க?"

"கண்ணுக்குத் தெரியாதுக்கா."

"தெரியாதத பாக்கவா தெனம் பஸ் ஏறி வர?"

சங்கிலியை மருந்தால் மூடினாலும் மூடாவிட்டாலும் என் அணுக்கள் அந்த மாதம் ஒரேபோல் ஒட்டிக்கொண்டுதான் இருந்தன.

இருவரையும் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். ரத்தம் எடுக்கும் இடத்தில் அக்கா, "வந்ததுதான் வந்தோம், எனக்கும் பாத்துடச் சொல்லு," என்றார்.

வீட்டுக்காரருக்கு ஒன்றுமில்லை. அக்காவுக்குத்தான் சர்க்கரை மிக அதிகம்.

"எனக்கா?" அக்கா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். ஓயாத தாகத்தையும் அசதியையும் வெயிலின் மேலும் கூடையின் மேலும் போட்டு ஒரு வருஷம் ஓட்டியிருக்கிறார். வீட்டுக்காரர் சீட்டை வாங்கிக்கொண்டு மருந்து வரிசையில் போய் நின்றார். மாத்திரையோடு திரும்பியதும் எங்களை வெளியே டீக்கடைக்குக் கூட்டிப்போனார்.

"அண்ணே, மூணு டீ. ஒண்ணுல சக்கரை வேணாம். அத இன்னொண்ணுல போட்டுடுங்க."

அக்கா அவர் முதுகில் ஓர் அடி வைத்தார். அழுதபடியே சிரித்தார்.

சில மாதங்கள் கழித்து, சங்கிலியை மூடும் மருந்தின் அளவைக் கூட்டிப் பார்த்தபோது, அணுக்களை வளர்த்த என் தட்டுகளில் ஒட்டுதல் குறைந்தது. மாத்திரையில் அக்காவும் தேறினார். அதற்குள் அவர் மீன் வாங்க வருகிறவர்களிடம், "ரத்தத்துல இருக்குற சக்கரை வேற, மூளைல ஒட்டியிருக்குற சக்கரை வேற. ரெண்டையும் கொழப்பாதீங்க," என்று திருத்தமாகச் சொல்லத் தொடங்கியிருந்தார். என் அம்மாவையும் அப்படித் திருத்தினாராம். அம்மாவுக்கு அதில் ரொம்ப வருத்தம்.