இரண்டு மார்னாக்கள்

டுலூத் நகரத்தின் சரிவான தெருக்களில், பனி உறைந்து கிடக்கும் நாட்களிலும் பள்ளிப் பேருந்தை அலுங்காமல் இறக்கிவிடுவாள் மார்னா லிண்டால். சில மாதங்களுக்கு ஒருமுறை, சனிக்கிழமை காலையில் காபியோடு கணினி முன்னால் உட்கார்ந்து தன் பெயரிலுள்ள கடன்களையெல்லாம் பட்டியலிடும் கிரெடிட் ரிப்போர்ட்டுகளை எடுத்துப் பார்ப்பாள். அவற்றைத் தருகிற நிறுவனங்கள் மூன்று. மூன்றையும் பார்த்தால்தான் அவளுக்கு நிம்மதி. என்றோ மூடிய கடன் அட்டை ஒன்று இன்னும் உயிரோடு இருப்பதாக அதில் கண்டதிலிருந்து வந்த பழக்கம்.

"மறுபடியும் மார்க் ஷீட் பாக்க உக்காந்துட்டியா? பாஸா, ஃபெயிலா?" என்பார் கணவர் டெல்மர்.

"என் பேரைச் சொல்லி யார் என்ன பண்றாங்கன்னு நான் பாக்காம யார் பாப்பா?"

போன இலையுதிர்காலத்தில் ஒரு ரிப்போர்ட்டில் படகுக் கடன் ஒன்று முளைத்திருந்தது. இரண்டு தவணை பாக்கி வேறு. விலாசம் பிரெய்னெர்ட் என்ற வேறு ஊர்.

டெல்மர் எட்டிப் பார்த்தார். "எனக்குத் தெரியாம போட் வாங்கிட்டியே. எந்த ஏரியில ஒளிச்சு வச்சிருக்க?"

மார்னாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஓட்டுநர் உரிமத்தின் நகலை இணைத்து அந்த நிறுவனத்துக்கு ஆட்சேபம் அனுப்பினாள். அந்தப் பதிவை நீக்கிவிட்டார்கள். வசந்தம் வந்ததும் அது திரும்பவும் வந்து நின்றது. இந்த முறை அவள் பிரெய்னெர்டில் தன் பெயர்க்காரி யாரென்று தேடினாள். ஒரு முடிதிருத்தும் கடையின் எண் கிடைத்தது.

"நீங்க மார்னா லிண்டாலா? நானும் மார்னா லிண்டால்தான். டுலூத்துலேருந்து பேசறேன்."

"எதையாவது விக்கறதுக்கா கூப்பிடறீங்க?"

"இல்லைங்க. உங்க போட் என் கணக்குல நிக்குது."

"அய்யோ, அந்தப் பாக்கியா? அதை எப்பவோ கட்டிட்டேனே."

"ரிப்போர்ட்டை எடுத்துப் பாத்தீங்களா?"

"வாழ்க்கையில ஒருதடவைகூட பாத்ததில்ல. எடைமிஷின்ல ஏறி நிக்கற மாதிரி, பயம்."

"நான் லைன்லயே இருக்கேன். இப்பவே பாருங்க."

அந்த அம்மாள் தட்டுத்தடுமாறி எடுத்தாள். படகுக் கடனின் பாக்கியைக் கட்டியதாகவே காட்டவில்லை. அதற்குக் கீழே டுலூத் மார்னாவின் வீட்டுக் கடன் முழுசாக உட்கார்ந்திருந்தது. போன வருடம் அவள் தன் கடையைப் பெரிதாக்கக் கடன் கேட்டபோது, ஏற்கனவே சுமை அதிகம் என்று வங்கியில் சொல்லித் திருப்பி அனுப்பியிருந்தார்கள். தன் பழைய பாக்கிதான் காரணம் என்று நினைத்து அவள் வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டாளாம்.

"அப்போ அது என் தப்பு இல்லையா?" என்று கேட்டபோது அவள் குரல் இறங்கியிருந்தது.

"இல்ல. நம்ம ரெண்டு பேரையும் போட்டுக் குழப்பிட்டாங்க."

இருவரும் ஒரே நாளில், தாங்கள் இரண்டு வேறு ஆட்கள் என்று ஆதாரங்களோடு எழுதி அனுப்பினார்கள். கோடைக்குள் கணக்குகள் பிரிந்தன. பிரெய்னெர்ட் மார்னாவுக்குக் கடனும் கிடைத்தது. பக்கத்து அறையை இடித்துச் சேர்த்து, உதவிக்கு ஒருத்தியையும் வைத்துக்கொண்டாள்.

இப்போது அந்தச் சனிக்கிழமைகளில் இருவரும் தொலைபேசியில் பேசிக்கொண்டே அவரவர் ரிப்போர்ட்டைப் பார்க்கிறார்கள்.

"உன்னோடதுல நான் இருக்கேனா?" என்று ஒருநாள் கேட்டாள் பிரெய்னெர்ட் மார்னா.

"இல்லடி. சுத்தமா போயிட்ட. வீடு காலி பண்ணின மாதிரி இருக்கு."

"சரி, ஞாயித்துக்கிழமை இங்க வா. முடி வெட்டி விடறேன். டெல்மரையும் கூட்டிட்டு வா, அவர் தலையையும் கவனிக்க வேண்டியதுதான்."

டுலூத் மார்னா சிரித்துக்கொண்டே கணினியை மூடிவிட்டு, இரண்டாவது காபிக்குத் தண்ணீர் வைக்கப் போனாள்.