தங்கச்சி ஏறிய கதவு

எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மருமகள் எழுதுகிறாள். அவள் டீச்சர் என்பதால் என் பேச்சைக் கொஞ்சம் திருத்தித்தான் எழுதுவாள். எழுதட்டும். ஆனால் அந்தக் கதவைப் பற்றி மட்டும் ஒரு சொல்லும் விடக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

என் மகன் போர்வெல் போடும் ரிக் வண்டி வைத்திருக்கிறான். போன மாதம் வீட்டுக்கென்று ஒரு பெரிய வண்டி வாங்கினான். அதன் பின்சீட்டுக் கதவு மற்ற கார்க் கதவு மாதிரி வெளியே விரியாது. ஒரு பொத்தானை அமுக்கினால் 'டிங் டிங்' என்று சொல்லிவிட்டு, கொஞ்சம் வெளியே நகர்ந்து, வண்டியை ஒட்டியபடியே பின்னால் ஓடுகிறது. மறுபடி அமுக்கினால் தானே வந்து மூடிக்கொள்கிறது. முதல் நாள் பதினைந்து தடவை திறக்கச் சொல்லிப் பார்த்தேன். அடுப்பில் பருப்பு கருகிப் போனது. போகட்டும், பருப்பு தினமும் வேகிறது.

"ஏங்கண்ணு, ஆரு அத இழுக்கறது?"

"உள்ள மோட்டார் இருக்குதும்மா. அது கம்பி வடத்தச் சுத்துது, வடம் கதவ இழுக்குது. கீழ பாருங்க, வாய்க்கா மாதிரி தடம். அதுல சின்னச் சக்கரம் ஓடுது."

"நம்ம கெணத்துல மாடு பூட்டிக் கவல எறச்ச மாதிரி."

"அதேதான். மாடு மட்டும் இல்ல."

பிறகு அவன் செய்த காரியத்தைக் கேளுங்கள். மூடி வருகிற கதவுக்குக் குறுக்கே கையை நீட்டினான்! என் இடது கை மோதிர விரலில் நகம் கிடையாது. பழைய லாரிக் கதவு ஒன்று தின்றுவிட்டது. நான் போட்ட சத்தத்தில் தென்னை மரத்துக் காக்கைகள் எல்லாம் பறந்தன. கதவோ அவன் கையில் பட்டதும் படாததுமாக, தப்புச் செய்தவன் போலப் பின்னால் போய்விட்டது.

"ஓரத்து ரப்பர்ல ஏதாச்சும் பட்டா அதுக்குத் தெரியும். வேற எங்க தடுத்தாலும் மோட்டாருக்குப் பாரம் கூடுமில்ல, அப்பவும் திரும்பிக்கும்."

அந்த நிமிஷமே எனக்கு என் தங்கச்சி நினைவு வந்தது.

ஜலகண்டாபுரத்தில் தறிக்காரர் வீட்டில் வாழ்க்கைப்பட்டவள் அவள். ரெண்டு வருஷத்துக்கு முன் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. நாலுகால் ஊன்றுகோலைப் பிடித்து வீட்டுக்குள் நடப்பாள், அவ்வளவுதான். அவள் சந்தில் கார் வந்தாலும் கதவு சுவரில் முட்டிப் பாதிதான் திறக்கும். அந்த இடுக்கில் இடுப்பை ஒடித்து உட்கார அவளால் முடியாது. பேத்தி நிச்சயத்துக்குக்கூட அவள் போகவில்லை. கல்யாணத்தையும் போனில் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தாள்.

கல்யாணம் நாமக்கல்லில், ஒன்பது மணிக்கு மேல் முகூர்த்தம். அவள் வீட்டார் எல்லாரும் முந்தின நாளே போய்விட்டார்கள். ஆறரை மணிக்கு நானும் மகனும் அவள் வாசலில் போய் நின்றோம். கதவு 'டிங் டிங்' என்று, சுவரைத் தொடாமல் முழுசாகத் திறந்தது. மகன் அவளைக் கூட்டி வர உள்ளே போனான். சந்தில் இருந்த பெண்கள் எல்லாம் கூடிவிட்டார்கள்.

"ஏனுங்க, தானா தொறக்குதுங்களா? யம்மாடி, பொட்டி மாதிரி இருக்குது!"

அத்தனை கண்ணும் வண்டி மேலே. கண்ணேறு பட்டுவிடக் கூடாதே. பூஜை போட்ட எலுமிச்சம்பழம் ஒன்று வண்டிக்குள் முன்னால் இருந்தது. அதை எடுத்து, ஒருத்தரும் பார்க்காமல், படியோரத்துப் பள்ளத்தில் செருகி வைத்தேன். மாடக்குழி மாதிரி அளவாக உட்கார்ந்தது.

தங்கச்சி பட்டுச்சேலை கட்டி வந்தாள். ஊன்றுகோலை விட்டு, மகன் தோளைப் பிடித்து, ஒரே எட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்! "அக்கா, ஏறிட்டேன்!" என்று பத்து வயசுப் பிள்ளையாகச் சிரித்தாள்.

மகன் பொத்தானை அமுக்கினான். கதவு வந்தது, பாதியில் நின்றது, திரும்பிப் போனது. மறுபடி அமுக்கினான். மறுபடி அதே. கையால் தள்ளினான், நகரவில்லை. "ஏதாச்சும் தடுத்தாத்தான் இது திரும்பும்" என்று ரப்பரைத் துடைத்தான், சேலை ஓரம் பட்டதோ என்று பார்த்தான். பழம் மட்டும் வைக்காவிட்டால் இந்தக் கண்ணேறுக்கு இன்னும் என்னென்ன ஆகியிருக்குமோ என்று நான் உள்ளுக்குள் நினைத்துக்கொண்டிருந்தேன்!

"கதவு மூடாம எடுக்க முடியாதுங்க சின்னம்மா. வேற கார் சொல்றேன்."

"வேற கார்ல நான் எப்படிச் சாமி ஏறுவேன்? என்னைய எறக்கி உட்டுட்டு நீங்க போங்க. நேரமாகுது." ஊன்றுகோலைத் தேடிக் கையை நீட்டினாள்.

நீட்டிய கையை அவளே பாதியில் நிறுத்தினாள். "இரு. தடுத்தாத் திரும்பும்னு தானே சொன்ன?"

"ஆமாங்க."

"குறுக்க ஓடற ஊடை நூல் அறுந்தா எங்க தறி தானா நிக்கும். அப்ப தறியவா நோண்டுவோம்? நூல் எங்க அறுந்துதுன்னு தேடுவோம். ரப்பர உடு. சக்கரம் ஓடற தடத்தப் பாரு."

அப்போதுதான் எனக்குப் பகீர் என்றது. அந்த மாடக்குழி! மகன் குனிந்தான். நசுங்கிச் சாறு வடிந்த பழத்தோடு நிமிர்ந்தான்.

"இத ஆரு வெச்சது?"

நான் தென்னை மரம் இருக்கிறதா என்று மேலே பார்த்தேன். அந்தச் சந்தில் மரமே கிடையாது.

"அக்கா!" என்றாள் தங்கச்சி. "கண்ணு பட்டது வண்டிக்கில்ல, எனக்குத்தான். அதும் உன்ற கண்ணு!" சந்தே சிரித்தது. நானும் சிரித்தேன், வேறென்ன செய்ய?

மகன் தடத்தைத் துடைத்துப் பொத்தானை அமுக்கினான். கதவு ஓடி வந்து, மெத்தென்று ஒட்டிக்கொண்டது. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இனிக்கிறது.

நாமக்கல் மண்டபத்து வாசலில் மேளம் கேட்டது. தாலி இன்னும் ஏறவில்லை. மகன் திறக்க வந்தபோது, "நீ சும்மா இரு சாமி" என்று தங்கச்சி தானே பொத்தானை அமுக்கினாள். கதவு மெதுவாக விலகியது. வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நின்ற அவள் மகள், "அம்மா!" என்று கத்தியதில் கிண்ணம் கவிழ்ந்தது. அதற்குள் கூட்டம் கூடிவிட்டது.

தங்கச்சி இறங்கும் முன்னால் என் பக்கம் கையை நீட்டினாள்.

"எதுக்குடி?"

"மடில இன்னொரு பழம் வெச்சிருக்க. குடு இங்க."

கொடுத்துவிட்டேன்.