ஜெசிந்தா அக்கா வரைந்த எருமை

வேப்பம்பட்டில் மின்ரயில் ஏறி உட்கார்ந்தபோதுதான் ஜெசிந்தா அக்காவின் கணவர் அழைத்தார். "தம்பி, உங்கக்கா காலைல போயிட்டா. நீ அடிச்சுப் புடிச்சுகினு ஓடியாராத. டயாலிசிஸ முடிச்சுகினே வா. சாயங்காலந்தான் அடக்கம்." குரலில் அழுகை இல்லை, அலுப்பு இருந்தது. எனக்கும் அழுகை வரவில்லை. ஆவடியில் இறங்கி, டயாலிசிஸ் மையத்தில் வழக்கமான கட்டிலில் போய்ப் படுத்தேன்.

பக்கத்துக் கட்டில் அக்காவுடையது. அம்பத்தூரில் ஒரு துணி ஏற்றுமதி நிறுவனத்தில் பல ஆண்டுகள் பூ டிசைன் வரைந்தவர். சிறுநீரகம் கெட்டபிறகு வேலையை விட்டார், வண்ணத்தை விடவில்லை. இடக்கை இயந்திரத்தோடு இணைந்திருக்க, மடியில் ஸ்கெட்ச் நோட்டை வைத்து வலக்கையால் வரைவார்.

"வேலைக்குனு பூவா வரஞ்சு வெறுத்துப்போச்சு தம்பி. இப்ப ஆடு, நாயி, பூனதான்."

அவர் பயன்படுத்தியது குவாஷ். தண்ணீரில் கரைக்கும் வண்ணம்தான். ஆனால் தடிப்பாகப் படியும், கறுப்பின்மேலும் வெளிச்சத்தை வைக்கலாம். எங்களைப் போன்றவர்களுக்குக் குடிநீர்கூட அளவுதான். தூரிகையைக் குவளையில் முக்கும்போதெல்லாம், "நம்மளவிட இது குடுத்து வச்சது" என்று சிரிப்பார்.

சென்ற கோடையில், பார்த்துக்கொள்ள உடம்பில் தெம்பில்லாமல், கடைசி எருமையையும் விற்றேன். மாடில்லாமல் எங்கள் வீடு அதுவரை இருந்ததில்லை. அந்த வாரம் அக்காவிடம், "போதும்க்கா. இனிமே நான் வரல" என்றேன்.

அவர் அறிவுரை சொல்லவில்லை. "எனக்கும் சில நாளு அப்டித்தான் தோணுது" என்றவர், நோட்டைத் திறந்தார்.

"கொம்பு எப்டி இருக்கும்?"

"வலது கொம்பு கீழ தொங்கிகினு இருக்கும்."

நான் சொல்லச் சொல்ல வரைந்தார். கறுப்புக்கு நீலமும் பழுப்பும் கலந்தார். முதுகு எழுந்தது, அதன்மேல் காய்ந்த சேறு வந்தது. "வயிறு இவ்ளோ ஒட்டாதுக்கா, நல்லாத் தின்னும்" என்றேன். மேலேயே பூசித் திருத்தினார். இயந்திரம் நின்றபோது கண் இருக்க வேண்டிய இடம் மட்டும் காலியாக இருந்தது.

"கை ஓஞ்சுபோச்சு. அடுத்த வாட்டி வந்து கண்ணு இன்னா கலருனு சொல்லு. நானா போட்டா அது உன் எருமையா இருக்காது."

வீட்டில் யார் கெஞ்சியும் அசையாத நான், அந்த எருமை குருடாக நிற்கக் கூடாது என்பதற்காகப் போனேன்.

"கறுப்புதான்க்கா. வெயில்ல மட்டும் பழுப்பு தெரியும்."

போட்டார். எருமை என்னைப் பார்த்தது. அதன்பிறகு ஒருமுறைகூட நான் போகாமல் இருந்ததில்லை.

மாலையில் அண்ணனூரில் அக்கா வீட்டுக்குப் போனபோது, எங்களுக்கு ஊசி போடும் நர்ஸும் சீருடையோடு வந்திருந்தார். குத்துவதற்குமுன் ரத்தம் அதிர்ந்து ஓடுகிறதா என்று கையைத் தொட்டுப் பார்ப்பது அவர் வழக்கம். பெட்டியருகே குனிந்தவர், பழக்கத்தில் அக்காவின் இடக்கைமேல் விரல்களை வைத்தார். ஜெபம் முடிந்து எல்லோரும் எழுந்த பிறகும் அவற்றை எடுக்கவில்லை.

போய் வாருங்கள் அக்கா. அலுத்த உடம்பு, ஓய்வெடுக்கட்டும்.