முன்கூரையில் ஒன்பது துடுப்புகள்

காலை 6.10. மாத்தளை பஸ் நிலையத்துக்கு எதிரே வேன் வந்து நின்றது. வில்கமுவ வரைக்கும் பதினான்காயிரம் ரூபாய் என்று பேச்சு. அங்கே வயல் வாங்கிக் குடியேறிவிட்ட என் பழைய சக ஆசிரியர் புத்தரிசிச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தார். ஏறுவதற்கு முன்பே எனக்குச் சந்தேகங்கள் தொடங்கிவிட்டன. வண்டியின் இடப்பக்கத்துக்கு மட்டும் ஏன் புதுப் பெயின்ட்? வாடகை ஹயருக்கு வரும் டிரைவர் தன் மனைவியை ஏன் பின்சீட்டில் உட்கார வைத்திருக்கிறார்? முன்கண்ணாடிக்கு மேலே, கூரை விளிம்பில், மீனுக்கு இருப்பதுபோல் ஒன்பது கறுப்புப் பிளாஸ்டிக் துடுப்புகள் எதற்கு? ஒவ்வொன்றிலும் குங்குமப் பொட்டு வேறு.

டிரைவர் செல்வராஜ் கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் சொன்னார். வோர்டெக்ஸ் ஜெனரேட்டராம். காற்றின் தடையைக் குறைக்குமாம். கொழும்பிலிருந்து சொல்லி எடுப்பித்து, கோயிலில் பூசை வைத்து ஒட்டினாராம். ஒட்டிய பிறகு பல்லேகம போய் வந்தால் ஒரு கேன் டீசல் மிச்சமாம். நான் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறவன் என்று தெரிந்ததும் அவர் முகம் மலர்ந்தது. ஸ்டாண்டில் எல்லோரும் கேலி செய்கிறார்கள், சேர் ஒரு தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்றார். பின்சீட்டில் மனைவி மல்லிகா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

6.50. ரத்தோட்டை. இங்கே கடைகள் முடிந்து ஏற்றம் தொடங்குகிறது. நானும் பாடத்தைத் தொடங்கினேன். கூரைமேல் வழுக்கி வரும் காற்று பின்விளிம்பில் சட்டென்று பிடியை விட்டுவிடுகிறது. அங்கே உண்டாகும் சுழல்தான் வண்டியைப் பின்னால் இழுக்கிறது. துடுப்பு அந்த விளிம்புக்குச் சற்று முன்னால் இருந்தால் காற்றைக் கலக்கி இன்னும் கொஞ்சத் தூரம் ஒட்டி வரச் செய்யும். ஆகவே இருக்க வேண்டிய இடம் பின்பக்கம். அதுகூட அகலப் பாதையில் பறக்கும் வண்டிக்குத்தான். இந்த மலையில் மணிக்கு முப்பது கிலோமீற்றரில் ஊர்ந்தால் எந்தப் பலனும் இல்லை.

செல்வராஜ் இதில் பாதியைத்தான் எடுத்துக்கொண்டார். "காத்து முன்னாலதானே வருதுன்னு ஒட்டிட்டேன் சேர். பரவாயில்ல, வில்கமுவ போனதும் உரிச்சுப் பின்னால ஒட்டிர்றேன்" என்றார். பசைக் குழாயும் டாஷ்போர்டிலேயே இருந்தது. என் பாடத்துக்கு இவ்வளவு சீக்கிரம் மதிப்புக் கிடைத்ததில் எனக்கு உள்ளூரப் பெருமைதான். பின்னால் மல்லிகா பெருமூச்சு விட்டது கேட்டது. ஒரு கேன் மிச்சம் என்பதில் மட்டும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. பெண்சாதிக்கும் அந்தப் பொய்யில் ஏதோ பங்கிருக்கிறது என்று பட்டது.

8.05. ரிவர்ஸ்டன் கணவாயில் முகில் கண்ணாடியில் ஒட்டியது. இறக்கத்தில்தான் அந்தச் சத்தத்தைக் கவனித்தேன். வேகமானி முள் நாற்பதைத் தொட்டதும் கூரையிலிருந்து மெல்லிய விசில். செல்வராஜ் உடனே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தார். அடுத்த வளைவிலும் அப்படியே. என்னவென்று கேட்டேன். வெறும் காற்றுத்தான் என்று மழுப்பினார். இதற்குள்ளும் ஒரு பொய் இருக்கிறது என்று முடிவு கட்டினேன்.

8.50. இலுக்கும்புர தேநீர்க் கடை. பிளேன்டீ ஐம்பது ரூபாய். செல்வராஜ் ரேடியேட்டருக்குத் தண்ணீர் எடுக்கப் பாதையோர நீர்ப்பீலிக்குப் போனதும் மல்லிகா என் பக்கத்தில் வந்து நின்றார்.

"சேர், அத பின்னால மாத்தச் சொல்லாதீங்க. மூணு மாசத்துக்கு முந்தி இந்த எறக்கத்துலதான் நாங்க பொரண்டோம். பிரேக் போயிருச்சுன்னு எல்லார்கிட்டயும் சொல்றாரு. பிரேக் நல்லாத்தான் இருந்திச்சு. வேகந்தான். ஒரு பைனஸ் மரம் தடுத்திச்சு, இல்லாட்டி ரெண்டு பேரும் இல்ல."

துடுப்பு ஒட்டியபின் விசில் கேட்கத் தொடங்கியதாம். பசை விடுகிற சத்தம் அது, நாற்பதைத் தாண்டினால் கொழும்புச் சாமான் பறந்துவிடும் என்று மல்லிகாதான் அவரிடம் சொல்லி வைத்திருக்கிறார். தன் உயிருக்குப் பயப்படாத மனிதர் அந்தப் பிளாஸ்டிக்குக்குப் பயந்து மெதுவாக ஓட்டுகிறார். அதுவும் போதாதென்று மல்லிகா ஒவ்வொரு தூர ஹயருக்கும் கூடவே வருகிறார்.

"பின்னால போயிட்டா சத்தம் கேக்காது சேர்" என்றார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. டீசல் மிச்சமாவதும் உண்மைதான். மெதுவாக ஓட்டினால் மிச்சமாகாமல் என்ன செய்யும்?

9.40. பல்லேகம தாண்டியதும் பாதை நேராகிறது, இருபுறமும் வயல். தொண்டையைச் செருமிக்கொண்டு, துடுப்பு முன்னாலேயே இருக்கட்டும், யோசித்துப் பார்த்தேன், அதுதான் சரி என்றேன். செல்வராஜ் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினார். என்னைப் பார்த்தார். பின்சீட்டைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். காலை முழுக்க நான் அவர்மேல் வைத்திருந்த அதே சந்தேகப் பார்வை அது.

"காலையில ஒண்ணு சொன்னீங்க. இப்ப ஒண்ணு சொல்றீங்க. இவ ஏதாச்சும் சொன்னாளா?"

ஆமென்றால் விசிலின் கதை முடிந்துவிடும். இல்லையென்றால் காரணம் கேட்பார். பௌதிகவியலில் என்னிடம் அதற்குக் காரணம் கிடையாது. இருபத்திரண்டு வருடம் படிப்பித்ததில் எந்த வகுப்பிலும் சொல்லாத ஒன்றைச் சொன்னேன்.

"அவங்க ஒண்ணும் சொல்லல. எனக்குத்தான் இது சரியாத் தெரியாது, செல்வராஜ். தெரிஞ்ச மாதிரி பேசிட்டேன்."

அவர் சிரித்துவிட்டார். "அத மொதல்லயே சொல்லியிருக்கலாமே சேர்" என்று கியர் போட்டார். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று வில்கமுவ வரைக்கும் எனக்குப் பாடம் நடத்தினார். நானும் தலையாட்டிக்கொண்டே வந்தேன். முள் முப்பத்தெட்டில் நின்றது.

மறுநாள் நாவுல வழியாக பஸ்ஸில் வீடு திரும்பினேன். மாத்தளை ஸ்டாண்டில் இந்நேரம் கதை பரவியிருக்கும். பௌதிகவியல் சேருக்குக் காற்றைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது என்று. பரவட்டும்.